எத்தனை குத்து? எவ்வளவு மாவு?

பெண் காலேஜில் சேர்ந்ததும் லாப்டாப் வாங்கும் பேச்சு வந்துவிடுகிறது. "இது 4 கிகாஹெர்ட்ஸ், அம்மா!" என்கிறார் கடைக்காரர். நாமும் தலையை ஆட்டுகிறோம். அந்த எண் எதை அளக்கிறது தெரியுமா, சகோதரிகளே?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் துடிப்புத் துடிப்பாக வேலை செய்கிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடி துடிப்பு. உரலில் மாவிடிக்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி நிமிஷத்துக்கு 60 குத்து. மற்றவள் 40 தான். ஆனால் இவள் உலக்கை கனம். மாவை அளந்தால் இவள் படிதான் முதலில் நிறைகிறது. குத்தை எண்ணிக் கூலி கொடுக்கலாமோ?

கம்ப்யூட்டர் கடைகளில் அப்படித்தான் கொடுத்தோம்! 2000-ல் இன்டெல் கொண்டுவந்த பென்டியம் 4, துடிப்பில் மகா வேகம். ஒரு துடிப்பில் முடிக்கும் வேலையோ குறைவு. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. 2001-ல் ஒரு யுக்தி செய்தது. 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் அத்லானுக்கு '1800+' என்று பெயர் சூட்டியது. எங்கள் பழைய அத்லானோடு ஒப்பிட்ட எண் இது என்றார்கள். வாங்க வந்தவர்கள் பென்டியத்தோடு ஒப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். அதில் கம்பெனிக்கு வருத்தம் இருந்திருக்காது என்பது என் ஊகம்!

இதற்கு முன்பே, 1996-ல், சைரிக்ஸ் கம்பெனியின் 133 மெகாஹெர்ட்ஸ் சிப்பு ஒன்று 'பி166+' என்ற சீட்டோடு வந்தது. பென்டியம் 166-க்குச் சமம் என்று அர்த்தம். பொய்யென்று சொல்ல முடியாது. கடிதம் அடிப்பது, கணக்கு எழுதுவது போன்ற ஆபீஸ் வேலைகளை வைத்து அளந்திருந்தார்கள். ஆனால் அதே வருஷம் வெளிவந்த 'குவேக்' விளையாட்டைப் பிள்ளைகள் போட்டார்களோ இல்லையோ, சிப்பு திணறியது. தசமக் கணக்கில் அதற்குப் பலம் போதாது. சாம்பார் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஜாங்கிரியும் பிழிவாள் என்று சர்டிபிகேட் கொடுத்த கதைதான்.

நியாயமாக அளக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். 1988-ல் தோன்றிய 'ஸ்பெக்' என்ற அமைப்பு, பலவிதமான நிஜ வேலைகளைக் கொடுத்து, முடிக்க ஆகும் நேரத்தைக் குறிக்கிறது. மெஷினை எப்படி அமைத்து ஓட்டினார்கள் என்பதையும் எழுதி வைக்கச் சொல்கிறது. இதுதான் முக்கியம். ஏனென்றால் 2018-ல் ஹுவாவேயின் சில போன்கள், சோதனை புரோகிராமைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் வேகம் கூட்டியது அம்பலமாயிற்று. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பள்ளிக்கூடம் பளபளக்குமே, அதுபோல! சோதனை நடத்துபவர்கள் அந்தப் போன்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

இன்னொன்று. ஒரே பெயருள்ள சிப்பு, மெல்லிய லாப்டாப்பில் சூடேறியதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பெண் எந்தப் புரோகிராமில் வேலை செய்யப் போகிறாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலையையே கடையில் கால் மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், அடுத்த கடையும் திறந்துதான் இருக்கும்.