பியோம்கேஷ் பக்ஷியும் எங்கள் விடுதிகளும்

பியோம்கேஷ் பக்ஷியின் பெயரை எடுத்தாலே எங்கள் இளைய பத்திரிகையாளர் சிலர் புன்னகைக்கிறார்கள். மெதுவாக நகர்கிறதாம், இரத்தம் போதாதாம், துரத்தல் காட்சிகள் இல்லையாம். கிழடுகள் பழைய நினைவில் மயங்கிக் கிடக்கிறோமாம். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டை நான் முற்றாக மறுக்கிறேன்.

பாசு சட்டர்ஜி இயக்கி ரஜித் கபூர் நடித்த அந்த ஹிந்தித் தொடர் தூர்தர்ஷனில் 1993இல் ஆரம்பித்தது. 1997இல் இரண்டாம் பகுதி வந்தது. 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதை மீண்டும் ஒளிபரப்பியது. ஹிந்தியில் ஒரு சொல்லும் அறியாத என் மருமகன் உபதலைப்புகளை வாசித்தபடி விடியும்வரை பார்க்கிறான். 1993இல் அவன் பிறக்கவேயில்லை. அவனுக்கு எந்த நினைவு மயக்கம்?

முதற்கதையைக் கவனியுங்கள். கல்கத்தாவில் ஒரு வாடகை விடுதி. அக்கம்பக்கத்தில் கொலைகள், பின்னணியில் கொக்கேய்ன் வியாபாரம். பியோம்கேஷ் பொய்ப் பெயரில் அங்கு தங்குகிறான். கொலைகாரன் யார்? எல்லோரும் மதிக்கும், விடுதியை நடத்தும் வைத்தியர். சரதிந்து பந்தோபாத்யாய் 1930களில் படைத்த இந்த மனிதனுக்குத் 'துப்பறிவாளன்' என்ற பட்டமே பிடிக்காது. தன்னைச் 'சத்தியான்வேஷி' என்றே அழைத்துக்கொள்வான், உண்மையைத் தேடுகிறவன்.

புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் விடுதிகளில் வாழ்ந்த தமிழருக்கு இந்தக் கதை வேறுவிதமாகக் கேட்கும். வெளிநாடு செல்லவோ, வைத்தியசாலைக்கோ, வேலை தேடியோ வந்தவர்கள் அவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் பொலிஸார் கதவுகளைத் தட்டி, முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பியோம்கேஷ் விடுதிக்குள் சென்றது ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிக்க. இங்கோ விடுதியில் தங்குவதே குற்றமாயிற்று. (வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பமிட வேண்டும். அது தனிக் கதை.)

இன்னொரு கதையில், கல்கத்தா வீதிகளில் மனிதர்கள் திடீரெனச் சுருண்டு விழுகிறார்கள். நெஞ்சில் கிராமபோன் ஊசி. சைக்கிள் மணிக்குள் கொலைக் கருவியை ஒளித்து வைத்திருக்கிறான் ஒருவன். எவரும் திரும்பிப் பாராத சாதாரண மணியொலியிலிருந்து பியோம்கேஷ் அவனைப் பிடிக்கிறான். நாட்டாமைகளின் கூச்சலும் கைவண்டிகளின் நெரிசலும் நிறைந்த குறுக்குத் தெருக்களில் நடக்கும்போது அந்த மணி என் காதில் ஒலிப்பதுண்டு.

எங்கள் தெருக்களில் நடந்தவை மட்டும் துலங்கவில்லை. மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19இல் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28இல் பம்பலப்பிட்டியில் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே கடத்தப்பட்டார். மறுநாள் சடலமாகக் கிடந்தார். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கடைசிப் பத்து நிமிடங்களில் ஒருவன் எழுந்து நின்று, "நடந்தது இதுதான்" என்று விளக்கும் காட்சியை நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது மயக்கத்தால் அல்ல. அது நமக்குக் கிடைக்காத காட்சி.

இரத்தம் போதவில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தேகநபரைச் சுட்டுத் தள்ளும் பொலிஸ் அதிகாரிக்கு விசிலடிக்கத் தமிழ்ச் சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. சுடுவதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே கோழைத்தனம். 'என்கவுண்டர்' என்ற சொல்லைக் கைதட்டலோடு உச்சரிக்கும் ஒரு கலை, காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் படத்தைப் பிடித்தபடி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கும் ஏற்றுமதியாகிறது. அதற்கும் இங்கே விசில்.

நம்மவர் ஒரு துப்பறியும் தொடர் எடுத்தால் என்ன என்று தொலைக்காட்சித் துறையிலுள்ள நண்பரொருவரிடம் கேட்டேன். "எடுக்கலாம் அண்ணை. முறைப்பாட்டை எந்தப் பொலிஸ் நிலையத்தில பதியிறதாக் காட்டுறது?" என்றார்.