வரி கட்ட மட்டும்தானா நாம்?

செங்கல்பட்டில் கடை நடத்தும் வணிகப் பெருமக்களே! மாமல்லபுரம் கடற்கரையில் தொழில் செய்யும் இளைஞர்களே! ஒரு கணக்குப் பாருங்கள்.

2016 அக்டோபரில் தமிழக நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ல்! ஐந்தாண்டுக்கு மேல் தனி அதிகாரிகளின் ராஜ்யம். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு கவுன்சிலர் இல்லை.

மார்ச்சில் மன்றங்கள் பதவியேற்றன. ஏப்ரலில் சொத்துவரி உயர்வு! நகராட்சிகளில் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். கட்டட உரிமையாளர் மீது விழுந்த வரி, வாடகைக் கடைக்காரர் தலையில்தான் இறங்கும் என்பது யாருக்குத் தெரியாது? ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் இருந்தது. டீக்கடையில் கொதித்த நம்மில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்தோம்?

ஆட்சியாளர்களும் யோக்கியமில்லை. நகர மக்கள் கூடிப் பேச ஏரியா சபை அமைக்க 2010-லேயே சட்டம் வந்தது. விதிகள் வந்தது 2022-ல்! இரு கழகங்களும் சேர்ந்து 12 ஆண்டுகள் தூங்கின. பிறகுதான், 2022 நவம்பர் 1 அன்று, நம் மாவட்டத்துப் பம்மலில் முதல்வரே வந்து சபையில் உட்கார்ந்தார்.

கதவு திறந்திருக்கிறது. நகரத்தில் ஏரியா சபை, கோவளம் போன்ற ஊராட்சிகளில் கிராம சபை. போங்கள்! கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வரவு செலவைக் கேளுங்கள். சாக்கடையோ, குப்பையோ, கடை வாடகையோ, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாமோ பாலுக்குக் காசும் கொடுத்துவிட்டு வாய்மூடி நிற்கிறோம். இது என்ன நியாயம்?