பழுது வந்தால்தான் நினைவுக்கு வருபவர்

உலகத்தில் இருவகை வேலைகள் உள்ளன. செய்தால் கண்ணுக்குத் தெரிவது ஒருவகை. செய்யாமல் விட்டால் மட்டுமே தெரிவது மற்றொருவகை. வீடு கட்டுபவருடைய வேலை முதல்வகையைச் சேர்ந்தது. கூரைப் பீலியில் அடைத்துக் கிடக்கும் சருகை மழைக்கு முன்பே அள்ளிவிடுபவருடைய வேலை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அவர் ஒழுங்காக அள்ளிவரும் வரையில் அப்படி ஒருவர் இருப்பதே வீட்டாருக்கு நினைவிராது. ஒரு மாரிக்கு அவர் வராது விட்டால், கூடத்தில் ஒழுகும் நீரைப் பார்த்துக்கொண்டு, "அவர் எங்கே போனார்?" என்று எல்லாரும் கேட்பர்.

இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு தொழிலைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம். காரியாலயங்களிலும் பாடசாலைகளிலும் கணினிகளைப் பராமரிப்போரின் தொழில் அது.

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். கொழுந்து வாடவேண்டும், ரோலரில் அரைபடவேண்டும், பதமாகப் புளிக்கவேண்டும், பின் சூட்டில் காயவேண்டும். இடையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அன்று பறித்த கொழுந்து கெட்டுவிடும். ஆகவேதான் தொழிற்சாலையிலே இயந்திரம் பார்ப்பதற்கென்றே பிட்டர் ஒருவர் இருக்கின்றார். "ரோலர் நன்றாகத்தானே ஓடுகிறது, பிட்டர் எதற்கு?" என்று எந்தத் துரையாவது கேட்டதுண்டா? ரோலர் நன்றாக ஓடுவதே பிட்டர் இருப்பதனால்தான் என்பது தோட்டத்திலே சிறுபிள்ளைக்கும் தெரியும்.

இனி, அதே தோட்டத்தின் காரியாலயத்துக்குள் சென்று பாருங்கள். முன்னொரு காலத்தில் செக்ரோல் என்பது மேசை நிறைய விரிந்து கிடந்த பேரேடு. இன்று பல தோட்டங்களில் அது ஒரு கணினிக்குள் அடங்கிவிட்டது. எவர் எத்தனை கிலோ எடுத்தார், எவருக்கு முழுப்பேர், எவருக்கு அரைப்பேர், சேமலாப நிதிக்கு எவ்வளவு கழிந்தது, முற்பணம் எவ்வளவு என்ற அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கின்றன. மாதந்தோறும் 10ஆம் திகதியை அண்டிவரும் சம்பள நாளை நம்பி எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. ஆனால் இந்த இயந்திரத்துக்கு மட்டும் பிட்டர் இல்லை! பட்டணத்திலிருந்து ஒருவர் வரவேண்டும். அவர் வரும்வரையில், கணினியைப் பற்றிச் சிறிது அறிந்தவர் என்று பெயரெடுத்த இளைய கிளாக்கர் ஒருவர் தலையில் எல்லாம் விழும்.

பாடசாலைகளின் கதையும் இதுவே. கணிதம் படிப்பிக்க வந்த ஆசிரியர் ஒருவர் என்றோ ஒருநாள் அச்சுப்பொறியில் சிக்கிய தாளை இழுத்தெடுத்திருப்பார். அன்று முதல் அவர் 'கணினி சேர்' ஆகிவிடுவார். அதிபரின் கடிதம், வலயக் கல்விக் காரியாலயத்துக்குரிய புள்ளிவிபரம், பரீட்சை விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் அவரே கதி. அவருடைய பாடவேளையோ ஒன்றும் குறைவதில்லை.

அவர் தொலைபேசியை எடுத்தவுடன் கேட்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்.

"தம்பி, கொம்பியூட்டர் வேலை செய்யுதில்லை."

"என்ன செய்யுது ஐயா? திரையில் ஏதாவது எழுத்து வருகுதா?"

"என்னவோ வந்தது. நான் மூடிவிட்டேன்."

வைத்தியரிடம் சென்று, "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன மருந்து கொடுப்பார்? திரையில் வந்த அந்த இரண்டு வரிகளே நோயின் குறி. அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அரை நாள் வேலை அரை மணியில் முடிந்திருக்கும்.

"அணைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள்" என்று அவர் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஏதோ தட்டிக்கழிக்கிறார் என்று நினைப்பர். அவ்வாறன்று. கணினி பல மணிநேரம் ஓடும்போது, முடிந்த வேலைகளின் மிச்சங்களும் முடியாத வேலைகளின் சிக்கல்களும் அதன் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்துவிடும். அணைத்துப் போட்டால் அவை யாவும் நீங்கி, அது தெரிந்த நிலையிலிருந்து புதிதாகத் தொடங்கும். தொழிற்சாலைத் தரையை வேலை முடிந்ததும் கழுவிவிடுவது போன்றதே இது.

எமது மாகாணத்துக்கென்றே சில தொல்லைகளும் உண்டு. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஈரக் காற்று இயந்திரத்தின் உள்ளே புகுந்து, செப்புத் தகட்டைப் பச்சை பூக்கச் செய்யும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் மாலைதோறும் இடிமுழக்கம். மின்கம்பியைக் கழற்றியவர்கள்கூடத் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுவதுண்டு. மின்னல் அவ்வழியாக வந்து இணையப் பெட்டியைச் சுட்டுவிடும். மின்தடையைச் சொல்லவே வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் பல காரியாலயங்கள் தப்பின.

இவற்றைவிட நுட்பமான தொல்லை எழுத்தைப் பற்றியது. எம்மவர் நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துக் காட்டும் ஓர் ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே கடிதத்தைத் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகள் குப்பையாய்க் குவிந்து நிற்கும்; மெய்யெழுத்தின் புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண் என்னும் யூனிகோட் முறையில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பழைய கோப்புகள் பழைய உருவிலேயே கிடக்கின்றன. "தமிழ் போய்விட்டது, தம்பி" என்று பெரியவர் ஒருவர் பதறும்போது, போனது தமிழன்று, எழுத்துரு மட்டுமே என்று ஆறுதல் சொல்வதும் கணினி பார்ப்பவருடைய கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதவையும் உண்டு. தோட்டத்துப் பெண்ணொருத்தியின் பெயரை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி; பாடசாலை இடாப்பில் முத்துலக்ஷ்மி; தமிழ் அறியாத உத்தியோகத்தர் ஒருவர் காதால் கேட்டுக் கணினியில் பதிந்ததோ வேறொன்று. மனிதக் கண்ணுக்கு இம்மூன்றும் ஒருத்தியே. கணினிக்கோ மூவர். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும், அடையாள அட்டை கேட்கும் நாளிலும், அவளுடைய தாய் சேமலாப நிதியை மீட்கச் செல்லும் நாளிலும் "பொருந்தவில்லை" என்று அது சொல்லிவிடும். திருத்துவதற்குச் சென்றால், அனுமதி உள்ளவரிடம் கடவுச்சொல் இல்லை; கடவுச்சொல் உள்ளவரிடம் அனுமதி இல்லை. இடையிலே பஸ்ஸுக்குக் கொடுத்த காசும் இழந்த பேரும் அந்தத் தாயுடையவை.

இது மலையோரத்துச் சிறு காரியாலயங்களின் குறை மட்டுந்தானா என்றால், அன்று. கொழும்பிலேயே இதனை நாடறியக் கண்டோம். அரசாங்கத்தின் பொதுக் கணினிக் களஞ்சியமாகிய 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' 2023 ஓகஸ்ட் மாதத்திலே கொள்ளை நச்சுநிரல் ஒன்றினால் தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் திருட்டு அது. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதியாக வைத்திருந்தவையும் சேர்ந்து பூட்டப்பட்டதால், மே 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையிலான கடிதங்கள் மீளாமற் போயின. நூறு நாட்களுக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதங்கள்!

காரணம் என்ன? அங்கே ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டினது. அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. புதியதற்கு மாறவேண்டுமென்ற திட்டம் 2021 முதலே இருந்தும், நிதித் தட்டுப்பாடு முதலிய காரணங்களால் தள்ளிப்போயிற்று. அறிவு இல்லாமல் நேர்ந்த பிழையன்று இது. செய்யவேண்டியதை அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் ஒன்றும் நடவாதிருப்பதற்காகச் செலவிடும் பணம் வீண்செலவாகவே தோன்றுகிறது. வெள்ளம் வருமுன் அணைபோடு என்பது எம்முடைய பழமொழிதான். அணைக்குரிய பணத்தைக் கேட்டால், "வெள்ளம் எங்கே?" என்று கேட்பதும் எம்முடைய வழக்கந்தான்.

வெளியுலகமும் இதற்கு விலக்கன்று. 1999ஆம் ஆண்டின் முடிவிலே, ஆண்டை இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதிய கணினிகள் 2000ஐ 1900 என்று மயங்கிவிடும் என உலகம் அஞ்சியது. எண்ணற்றோர் ஆண்டுக்கணக்கில் இருந்து திருத்தினர். ஜனவரி முதலாம் திகதி பெருஞ்சேதம் எதுவுமின்றி விடிந்தது. அதற்கு நன்றி கிடைத்ததா? "வீணாகப் பயமுறுத்தினார்கள்" என்ற பழிச்சொல்லே மிஞ்சிற்று.

2024 ஜூலை 19ஆம் திகதி இதன் மறுபக்கத்தைக் கண்டோம். கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் நின்றன. விமானங்கள் பறக்கவில்லை, வைத்தியசாலைகள் தடுமாறின. பிழை ஒன்றரை மணி நேரத்துக்குள் மீளப் பெறப்பட்டது. ஆனால் நின்றுபோன கணினிகள் பலவற்றை மீட்பதற்கு ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதர் சென்று கைவைக்க வேண்டியிருந்தது. ஜூலை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையைக் கணினி நிருவாகிகளைப் போற்றும் நாளாக 2000ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவர் தொடங்கிவைத்தார். அவ்வாண்டு அந்த நாள், இந்த அமளிக்குச் சரியாக ஒரு வாரத்தின் பின் வந்தது. எத்தனை காரியாலயங்கள் அன்று ஒரு கோப்பைத் தேநீராவது கொடுத்தனவோ!

எமது கருத்து இதுதான். கணினி வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகின்ற ஒவ்வொரு காரியாலயமும், பாடசாலையும், தோட்ட நிருவாகமும் அதனைப் பார்க்கும் மனிதருக்கும் இடம் ஒதுக்கவேண்டும். தனியாக ஒருவரை நியமிக்க இயலாவிடின், ஐந்தாறு தோட்டங்களுக்கோ பாடசாலைகளுக்கோ பொதுவாக ஒருவரை வைக்கலாம். ஆசிரியரே பார்ப்பதாயின், அதற்குரிய நேரத்தைப் பாடவேளையிற் கழித்துக் கொடுக்கவேண்டும். அவர் தமிழும் சிங்களமும் அறிந்தவராயிருந்தால் பெயர்ப்பிழைகளிற் பாதி பதியும்போதே தீர்ந்துவிடும். "இதனை மாற்றாவிட்டால் கெட்டுவிடும்" என்று அவர் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு, பிட்டர் சொல்லும் சொல்லுக்குள்ள மதிப்பு இருக்கவேண்டும்.

எஞ்சியவர்களாகிய எமக்கும் சில கடமைகள் உண்டு. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வைத்திருங்கள். அவற்றை இருவேறு சாதனங்களில் வையுங்கள். ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியில் நீர் ஏறியதை நினைத்தால், இந்தக் கடைசி வார்த்தையின் பொருள் விளங்கும். பிரதியொன்றை எப்போதும் கணினியிலிருந்து கழற்றியே வையுங்கள். இணைந்திருப்பதையெல்லாம் நச்சுநிரல் எட்டிவிடும். இடையிடையே திறந்தும் பாருங்கள். திறவாத பிரதி இருந்தும் இல்லாததே. கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையின் மூலையில் ஒட்டாதீர்கள். பழுது வந்தால், வந்த வரியை எழுதி வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவ பல்கலைக்கழகத்திலே கணினிக் கல்வி கற்பிக்கப்படுகின்றது. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே செல்லவேண்டும். புதியதை ஆக்குவது பெருமை; இருப்பதை நாள்தோறும் ஓடவைப்பது அதற்குக் குறைந்த பெருமையன்று. லயத்துப் பெயர்களை எழுத்துப்பிழையின்றி எழுதத் தெரிந்த ஒருவர் அந்தக் காரியாலய மேசையில் அமர்ந்தால், எத்தனையோ தாய்மார் ஒருநாட் பேரை இழந்து பஸ் ஏறவேண்டியிராது.

நாளை திங்கட்கிழமை. காரியாலயத்திலே கணினி வழமைபோல் ஒளிர்ந்தால், அதனை ஒளிரச் செய்தவர் யாரென்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவரை எதிரே கண்டால், பழுதொன்றும் சொல்லாமல் ஒருமுறை சுகம் விசாரியுங்கள்.