எனாமல் கரைவது இனிப்பால் மட்டும்தானா?

படிவம் 2-இல் அமிலமும் காரமும் படிக்கும்போது முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். குமிழிகள் எழும், ஓடு மெல்லக் கரையும். "பல்லும் இப்படித்தான். இனிப்பையும் குளிர்பானத்தையும் குறையுங்கள்" என்று ஆசிரியர்களாகிய நாங்கள் பாடத்தை முடித்துவிடுகிறோம். அறிவுரை சரிதான். ஆனால், அது பாதிப் பாடம் என்பதே என் கருத்து.

பல்லைக் கரைக்கும் இன்னோர் அமிலம் நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் அது. அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 2. வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். பிஎச் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். கணக்கிட்டுப் பாருங்கள்: 5.5-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடு 3,000 மடங்குக்கும் மேல்!

புலிமியா என்னும் உணவுக் கோளாறு உள்ளவர்களில் பலர், எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உண்டதை வாந்தி எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இந்த அமிலம் வாய்க்கு வருகிறது. பெரும்பாலும் முதலில் தேய்வது மேல்வரிசை முன்பற்களின் உட்புறம். கண்ணாடி முன் நின்று சிரித்தால் அது தெரியாது. பிறகு பல் கூசும். எனாமல் மெலிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரியும். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுவதால், இழந்த எனாமல் மீண்டும் வளராது.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்குவதும் கேடுதான். அமிலத்தால் மென்மையான எனாமலைப் பல்தூரிகை மேலும் தேய்த்துவிடும். தண்ணீரில் சிறிது சமையல் சோடா கலந்து கொப்பளித்து, ஒரு மணி நேரமாவது பொறுத்திருப்பது நல்லது. நீங்கள் படித்த நடுநிலையாக்கம் இங்கே பயன்படுகிறது.

புலிமியா உள்ளவரின் உடல் எடை இயல்பாகவே இருக்கலாம். அதனால் வீட்டாருக்கே தெரியாத நோயைச் சில வேளைகளில் பல் மருத்துவரே முதலில் கவனிக்கிறார். ஆனால், பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வந்தால் நம் மாணவர்கள் பலர் நழுவப் பார்க்கிறார்கள். "ஒழுங்காகப் பல் துலக்குவதில்லையா?" என்ற ஏச்சுக்குத்தான் பயம். ஏசினால் வாயைத் திறக்க வேண்டியவரும் மூடிக்கொள்வார். "எப்போதிலிருந்து கூசுகிறது?" என்று பெரியவர்களாகிய நாம் அன்பாகக் கேட்கப் பழக வேண்டும்.

மாணவர்களே, நண்பனின் பல்லைப் பார்த்து நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். இரைப்பை அமிலம் தானாக மேலேறி வரும் நோயாலும் பல் தேயும். "குண்டு", "ஒல்லி" என்ற கேலியையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கே இந்தத் தொல்லை இருந்தால், ஆலோசக ஆசிரியரிடமோ பல் மருத்துவரிடமோ நம்பும் பெரியவர் ஒருவரிடமோ சொல்லுங்கள். புலிமியா சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போன எனாமல் திரும்பாது. சீக்கிரம் சொன்னால், இருப்பதைக் காப்பாற்றலாம், உங்களையும் காப்பாற்றலாம்.