மின்கலமா, கைப்பிடியா?

கருவிகள் மலிந்துள்ள இக்காலத்தில், ஒரு கருவி நமக்கு வேண்டுவதோ வேண்டாததோ என்று ஆராய்ந்து துணிவோர் மிகச் சிலரே. பிறர் வைத்திருக்கின்றனர் என்பதற்காக வாங்குவோரும், பிறர் வைத்திருக்கின்றனர் என்பதற்காகவே இகழ்வோரும் பலர். இவ்விருதிறத்தார் கையிலும் அகப்பட்டுப் புகழும் பழியும் ஒருங்கே எய்திய பொருள்களுள் ஒன்று, டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவின் அடியிற் பொருத்தப்படும் மின்கலக் கைப்பிடி. படமெடுப்போர் இதனைப் 'பேட்டரி கிரிப்' என்று வழங்குவர். விருதுநகரிலும் சிவகாசியிலும் மணவிழாக்களுக்குச் சென்றோர், மேடைக்கெதிரே நிற்கும் இளைஞர் கையில் காமிராவை இருமடங்கு உயரமாகக் காட்டும் இவ்வுறுப்பைக் கண்டிருப்பர். இதன் மெய்ப்பயன் யாது, இதனை வாங்கத் தக்கார் யார், வாங்காதொழியத் தக்கார் யார் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இஃது இன்னதென அறிதல் வேண்டும். காமிராவின் அடிப்புறத்தில் திருகாணியால் இறுக்கப்படும் இவ்வுறுப்பு, தன்னுள் ஒன்றோ இரண்டோ மின்கலங்களைத் தாங்கும். அதன் ஓரத்தில் படமெடுக்கும் பொத்தான் ஒன்றும், ஒளியளவு முதலியவற்றை மாற்றும் சக்கரமும் அமைந்திருக்கும். கானன் 5டி மார்க் 3 என்னும் காமிராவுக்குரிய பிஜி-இ11 கைப்பிடியைப் பொருத்துவோர், காமிராவின் மின்கல அறைக் கதவைக் கழற்றிவிட்டு, கைப்பிடியினின்று எழும் தண்டினை அவ்வறையுட் செருகுவர். மின்கலங்கள் இரண்டும் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். அவை தீர்ந்துழி, கடையிற் கிடைக்கும் ஏஏ மின்கலங்கள் ஆறினை இட்டும் காமிராவை இயக்கலாம். நிக்கான் டி850 காமிராவிலோ உள்ளிருக்கும் மின்கலம் தன்னிடத்திலேயே இருக்க, கைப்பிடி வேறொரு மின்கலத்தைச் சுமக்கும். அவ்விரண்டனுள் எதனை முதலிற் செலவிடுவதென்பதைக் காமிராவுக்கு முன்னரே குறித்துவிடலாம்.

தொகைச்சொற்களில் ஒருகால் முன்மொழியிலும் ஒருகாற் பின்மொழியிலும் பொருள் சிறந்து நிற்குமென இலக்கண நூலார் கூறுவர். மின்கலக் கைப்பிடி என்னும் தொகையிற் பொருள் சிறக்குமிடம் யாது? வாங்குவோருட் பெரும்பாலார் முன்மொழியாகிய மின்கலத்தையே எண்ணி வாங்குகின்றனர். பின்மொழியாகிய கைப்பிடியிலேதான் பொருள் சிறக்கின்றது என்பது எம் கருத்து. இலக்கணம் மட்டுமன்றிக் கருவியின் வரலாறும் இதற்குச் சான்று பகரும்.

1925ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தது. அதன் படச்சட்டம் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடைய நீள்சதுரம். ஆகவே நெடிதாய் நிற்கும் பொருளை முழுச்சட்டத்திலும் அமைக்க விரும்புவோர் காமிராவையே சாய்த்துத் திருப்ப வேண்டியதாயிற்று. 1929ஆம் ஆண்டில் வந்த ரோலிபிளெக்ஸ் காமிராவுக்கு இத்துன்பம் இல்லை; அதன் சட்டம் சதுரமாதலின் திருப்புதற்கு இடமேயில்லை. 1970ஆம் ஆண்டில் ஜப்பானில் மாமியா நிறுவனத்தார் செய்த ஆர்பி67 காமிராவிலோ, உடலைத் திருப்பாமலே பின்புறத்தை மட்டும் சுழற்றிச் சட்டத்தை நிமிர்த்திக் கொள்ளலாம். ஆனால் இன்று நாம் கையாளும் டிஜிட்டல் காமிராக்கள் லைக்காவின் நீள்சதுரத்தையே வழிவழியாகப் பெற்றன. 1999ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனத்தார் செய்தித்தாட் படக்காரர்க்கென டி1 காமிராவைச் செய்தபொழுது, நிமிர்த்திப் பிடிக்கும்போது அழுத்துதற்கெனத் தனிப் பொத்தானொன்றை அதன் உடலிலேயே வைத்தனர். அவ்வசதியை மற்றைக் காமிராக்களுக்கும் ஈவதே கழற்றி மாட்டும் இக்கைப்பிடி. ஆதலின் இதன் பிறப்புக்குக் காரணம், மின்சாரக் குறைவினும் சட்டத்தின் வடிவமே எனலாம்.

இவ்வுண்மையைக் கையே எளிதில் உணரும். கைப்பிடியில்லாக் காமிராவை நிமிர்த்திப் பிடிப்போர், பெரும்பாலும் வலக்கையை மேலே வைத்து, முழங்கையைத் தோளளவுக்குத் தூக்கி, மணிக்கட்டை மடக்கியே பொத்தானை அழுத்துவர். ஒருமுறை இருமுறையாயின் இதனால் வருத்தமில்லை. நாள் முழுதும் இவ்வாறு செய்யின் தோளும் மணிக்கட்டும் நோவெடுக்கும், கை நடுங்கும், படமும் கலங்கும். கைப்பிடி பொருத்தியவர்க்கு வலமுழங்கை விலாவை ஒட்டியே நிற்கும்; மணிக்கட்டும் மடங்காது. கனமான வில்லையைப் பூட்டியிருப்பின் முன்புறப் பாரத்துக்கு எதிர்ப்பாரமாகவும் இஃது உதவும். வலக்கையைக் கீழே தாழ்த்திக் காமிராவை மறுபுறமாகத் திருப்பிப் பிடிப்போரும் உளர். எனினும் அவ்வாறு விரைந்து படமெடுத்தல் எல்லார்க்கும் கைவருவதன்று.

நம் மாவட்டத்தில் நிமிர்ந்த படத்திற்குரிய காட்சிகளுக்குக் குறைவில்லை. திருவில்லிபுத்தூர்க் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தைக் கிடைச்சட்டத்தில் அடக்கப் புகுவோர் வானத்தையும் வீதியையுமே மிகுதியாகப் படம்பிடிப்பர். விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயிற் பங்குனிப் பொங்கலின்போது அக்கினிச்சட்டி ஏந்தி வருவோர் வெள்ளம்போல் வந்துகொண்டேயிருப்பர். ஒவ்வொருவரும் நெடிதாய் நிற்கும் ஓர் உருவம். கையிலே தீ, முகத்திலே ஒளி. அவரைப் படமெடுக்க நிற்போன் மணிக்கணக்காகக் காமிராவை நிமிர்த்தியே பிடித்தல் வேண்டும். திருச்சபை மணவிழாக்களிலும் மணமகள் ஆலயத்தின் நடைபாதையில் நடந்து வருங்காட்சி நிமிர்ந்த படமேயாகும். இத்தகைய தொழிலினர்க்கு மின்கலக் கைப்பிடி ஆடம்பரமன்று. உழவனுக்கு மண்வெட்டியின் காம்பு எத்தகையதோ, இவர்க்கு இஃதும் அத்தகையதே.

இனி மின்கலத்தின் பயனை நோக்குவோம். ஒருமுறை மின்னேற்றிய மின்கலத்தால் நிக்கான் டி850 காமிராவில் 1,840 படங்களும், கானன் 5டி மார்க் 3 காமிராவில் 950 படங்களும், மாணவர் பலர் வாங்கும் கானன் 1500டி காமிராவில் 500 படங்களும் எடுக்கலாமென்பது செய்தோர் வகுத்த சோதனைக் கணக்கு. விடாது அடுத்தடுத்து எடுப்போர்க்கு இத்தொகை மிகும். பின்புறத் திரையைப் பார்த்தே எடுப்போர்க்குக் குறையும். விடியலில் முகூர்த்தம், பின்னர் விருந்து, இரவில் வரவேற்பு என்று மூவாயிரம் படங்கள் எடுப்போர்க்கு இரண்டாம் மின்கலம் வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விரண்டாம் மின்கலம் சட்டைப்பைக்குள் இருந்தால் என்ன? மாற்றுதற்கு அரைநிமிடமே செல்லும். தாலி கட்டும் நேரத்தில் அவ்வரைநிமிடமும் அரிதன்றோ எனின், ஆம். அதனை உணர்ந்தவன் அந்நேரத்துக்கு முன்னரே புதிய மின்கலத்தை இட்டிருப்பான். முன்யோசனை செய்து முடிக்குங் காரியத்துக்குப் பணத்தைச் செலவிடுதல் என்ன பயன்?

வாணவேடிக்கையைப் படமெடுத்தற்கு மின்கலக் கைப்பிடி இன்றியமையாதது என்று பட்டாசு நாட்டினராகிய நம்மவர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அது பொருந்தாது. தீபாவளியன்று பட்டாசு வெடித்தற்கு உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் இரண்டு மணிநேரமே வரையறுத்தது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையுமாக அமைந்தது. இரவுக்குரிய அந்த ஒரு மணிநேரத்துக்கு ஒரு மின்கலமே போதும். மேலும் வாணவேடிக்கையைப் படமெடுப்போர் காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைச் சில விநாடிகள் திறந்தே வைப்பர். அப்பொழுது கையின் உதவி வேண்டுவதில்லை. சிறிதும் அசையாமையே வேண்டும். கைப்பிடியைப் பொருத்தி அதன் கீழே முக்காலியைத் திருகினால், காமிராவுக்கும் முக்காலிக்கும் இடையே நெகிழ்தற்குரிய பொருத்து ஒன்று மிகுதியாகின்றது, உயரமும் கூடுகின்றது. ஆகவே அங்கே கைப்பிடியைக் கழற்றி வைத்தலே அறிவுடைமை.

கைப்பிடியினால் காமிராவின் வேகம் மிகுமென்பாரும் உளர். இஃது ஒருசில காமிராக்களுக்கே உண்மை. நிக்கான் டி850 விநாடிக்கு 7 படம் எடுக்கும். எம்பி-டி18 கைப்பிடியைப் பூட்டி, அதனுள் பெரிய காமிராக்களுக்குரிய இஎன்-இஎல்18 வகை மின்கலத்தை இட்டால் 9 படம் எடுக்கும். வழக்கமான சிறு மின்கலத்தை இட்டால் வேகம் சிறிதும் ஏறாது. விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுப்போர்க்கு இஃது உதவலாம். மேடையிற் புன்னகைத்து நிற்கும் மணமக்களைப் படமெடுத்தற்கு விநாடிக்கு 9 படம் எதற்கு?

குறைகளையும் மறைத்தல் ஆகாது. கைப்பிடியும் மின்கலங்களும் சேர்ந்து முந்நூறு கிராம் முதல் அரைக்கிலோ வரை பாரத்தைக் கூட்டும். மணிக்கட்டின் நோவைத் தீர்க்க வந்தது கழுத்தின் நோவாக மாறுதலும் உண்டு. நிமிர்படப் பொத்தானைப் பூட்டி வைக்கும் சிறு திறப்பானைக் கவனியாதார், உள்ளங்கை பட்டுத் தாமாகவே படம் எடுபடக் கண்டு திகைப்பர். விலை குறைந்த காமிராக்கள் சிலவற்றுக்கு அவற்றைச் செய்த நிறுவனத்தார் கைப்பிடி செய்வதேயில்லை. பிறர் செய்த கைப்பிடிகளைப் பூட்டுவோர், பொத்தான் இயங்குதற்குக் காமிராவின் பக்கத் துளையில் ஒரு கம்பியையும் வெளியே மாட்டவேண்டியிருக்கும். கூட்டத்தில் அக்கம்பி எதிலேனும் சிக்கினால் கைப்பிடி வெறுஞ்சுமையே.

இவை யாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கைப்பிடிக்கு இரண்டு மின்கலம் வேண்டியிருத்தலின், விலை மலிந்த போலி மின்கலங்களை நாடுவோர் பலர். லித்தியம் அயனி மின்கலம் சிறு அளவினதாயினும் தீயைத் தன்னுள் அடக்கிய பொருள். உள்ளே பழுதுற்றாலும், அளவுக்கு மிஞ்சி மின்னேறினாலும், அது புகைந்து எரியும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அதனை விட்டு வைத்தால் அதன் ஆயுளும் குறையும். தீயின் தன்மையை நம் மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிற் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்ததை மறந்தவர் இங்கே எவர்? அத்தகைய மண்ணில் வாழும் நாம், வீங்கிய மின்கலத்தை 'இன்னும் இரண்டு கலியாணம் தாங்கும்' என்று கைப்பிடிக்குள் திணித்தல் தகாது. மருந்து கையாளும் அறைகளின் பக்கம் காமிராவுடன் செல்லுதலும், மின்கலம் ஒன்றாயினும் இரண்டாயினும், அறவே தகாது.

இனி எம் உள்ளத்தை உறுத்தும் செய்தியைக் கூறி முடிப்போம். மணவீட்டார் பலர், படக்காரர் முன்னர் எடுத்த படங்களைப் பாராமல், அவர் கையிலுள்ள காமிராவின் பருமையைப் பார்த்தே திறமையை அளக்கின்றனர். காமிரா சிறிதாயிருப்பின் 'இவர் புதியவர்போலும்' என்று கூலியைக் குறைக்கின்றனர். இதனால் தொழிலுக்குப் புதிதாய் வந்த இளைஞர், தமக்கு வேண்டியதோ அன்றோ என்று எண்ணாமல், வட்டிக்குப் பணம் பெற்றுக் கைப்பிடி வாங்குகின்றனர். படத்துக்காக அன்று, பார்வைக்காகவே வாங்குகின்றனர். இப்பழி இளைஞரைச் சாராது. பருமையைக் கண்டு மயங்கும் நம்மையே சாரும். கோபுரம் கட்ட எண்ணுவோன் முதலிற் செலவைக் கணக்கிடல் வேண்டுமென ஆண்டவர் உவமை வாயிலாகப் போதித்தார். கட்டுவோனைப் போலவே கட்டத் தூண்டுவோனும் கணக்குக் கேட்கப்படுவான் என்று யாம் எண்ணுகின்றோம்.

மற்றொன்றும் சொல்லத் தக்கது. விடியல் முதல் நள்ளிரவு வரை பிறர்க்காகக் காமிராவைத் தாங்கி நிற்கும் கூலியாள் இளைஞர்க்குக் கைப்பிடி மெய்யாகவே வேண்டும். ஆயின் அதனை வாங்கித் தரவேண்டியவர் அவரை வேலைக்கு அமர்த்திய நிலையத்தாரே. சுமை தூக்குவோனுக்குச் சும்மாடு கொடுப்பது வேலை வாங்குவோன் கடமையன்றோ?

ஆகவே மாணவ நண்பர்களே, நும் காமிராவுக்குக் கைப்பிடி வேண்டுமோ என்னும் ஐயம் எழுந்தால், கடைக்காரரைக் கேளாதீர். நும் மணிக்கட்டைக் கேளுங்கள். சென்ற ஆண்டு நீங்கள் எடுத்த படங்களுள் நிமிர்ந்தன எத்துணை என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேலாயின், பெருநகரங்களில் வாடகைக்குத் தருவோரிடம் ஒருநாள் பெற்றுப் பழகி, நன்மை கண்டபின் வாங்குங்கள். நிமிர்ந்தன சிலவேயாயின், நல்ல மின்கலம் ஒன்றை மிகுதியாக வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, எஞ்சிய பணத்துக்கு நல்ல வில்லையொன்றைத் தேடுங்கள். இனி நும் இல்லத்தில் மணவிழா நிகழுங்கால், படமெடுக்க வரும் இளைஞரிடம் அவர் எடுத்த படங்களைக் காட்டுமாறு கேளுங்கள். காமிராவின் அளவைக் கேளாதீர். அதுவே அவர்க்குச் செய்யும் நன்மையும், கலைக்குச் செய்யும் சிறப்புமாகும்.