‘குரூப்பில் அரசியல் வேண்டாம்’ என்று எழுதியவன் நான்தான்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் தூங்கி எழுந்து படித்தால் போதும்.

நம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் மேலே ஒரு வரி இருக்கும்: ‘அரசியல், சாதி, மதம் இங்கே பேசக்கூடாது. மீறுபவர்கள் நீக்கப்படுவார்கள்.’ அதை எழுதியது நான். முப்பது வருடம் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்து, குடிமையியல் பாடத்தில் வாக்குரிமை, சங்கம் அமைக்கும் உரிமை என்று போர்டில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன்தான் அப்படி ஒரு விதி போட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். 2021 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர் குழுவிலேயே வாடா போடா என்று இறங்கினார்கள். எங்கள் குடும்பக் குழுவில் அதைவிட மோசம். 2024 ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு காதுகுத்து விசேஷத்தில் என் மச்சானும் என் அக்கா மகனும் ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்று ஆளுக்கு ஒரு மூலையில் சாப்பிட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் எழுதியது ஒரு வரிகூடச் சொந்தம் கிடையாது. எல்லாம் எவனோ அனுப்பியதைத் தள்ளிவிட்டதுதான். அதனால் அந்த விதி சரி என்றுதான் நினைத்திருந்தேன்.

2024 அக்டோபர் வரைக்கும்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலை வேலைநிறுத்தம் நம் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கி 37 நாள் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். சம்பள உயர்வு, வேலை நேரம் என்று பல கோரிக்கைகள் இருந்தாலும் முதல் கோரிக்கை தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. அக்டோபர் 9ஆம் தேதி அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைப் போலீசார் பிரித்தார்கள்.

அன்றைக்கு நம் குழுவில் ஒரு செய்தி வந்தது. 2007இல் பத்தாவது முடித்த மாணவன். ‘பந்தலைப் பிரிச்சிட்டாங்க. வெட்டவெளியில உக்காந்திருக்கோம். பக்கத்துல நம்ம பசங்க யாராவது இருந்தா ரெண்டு தண்ணி கேன் கொண்டாந்து குடுங்க.’

ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் ‘சார், குரூப் ரூல்’ என்று எனக்குத் தனியாக எழுதினார். நானும் அதிகம் யோசிக்கவில்லை. அந்தச் செய்தியை அழித்துவிட்டேன். அன்று சாயங்காலமே அந்தப் பையன் குழுவை விட்டு வெளியேறினான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 5ஆம் தேதி காலை ஆறு மணிக்கெல்லாம் அவன் வாழ்த்து வந்துவிடும். 2025இல் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் பஸ் ஏறி அவன் வீட்டுக்கே போனேன். உட்கார வைத்தான், அவன் மனைவி காபி கொடுத்தாள், குழந்தையை நமஸ்காரம் பண்ணச் சொன்னான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கிளம்பும்போது வாசலில் வைத்துத்தான் சொன்னான்: “நான் எந்தக் கட்சியப் பத்தியும் போடல சார். தண்ணிதான் கேட்டேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து 2024 செப்டம்பர், அக்டோபர் மாதத்துச் செய்திகளை எல்லாம் குழுவில் மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். செப்டம்பர் 28ஆம் தேதி, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டிய படம் இருக்கிறது. அதற்குக் கீழே கை தட்டல் முப்பது, நாற்பது. அதில் ஒன்று என்னுடையது. யாரும் ‘குரூப் ரூல்’ என்று சொல்லவில்லை. முதலமைச்சர் படம் அரசியல் இல்லை, தண்ணீர் கேன் அரசியல் என்று நான்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். தொழிற்சாலை வருவது நாட்டு நடப்பு; அதற்குள் வேலை செய்கிறவன் வாய் திறந்தால் அரசியல். பரந்தூர் விமான நிலையம் வருவதால் மனை விலை ஏறுகிறது என்று போட்டால் ரியல் எஸ்டேட். ஏகனாபுரத்துக்காரர் என் நிலம் போகிறதே என்று எழுதினால் அரசியல்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அது யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், எப்போதும் கஷ்டத்தில் இருப்பவன் தலையில்தான். கஷ்டம் இல்லாதவனுக்கு அரசியல் பேசாமல் இருப்பது பெரிய சிரமம் இல்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு விஷயம். இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தோம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டோம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதியும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் திரும்ப வேலைக்குப் போனோம். நானும் எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சம்பளம் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தது தெருமுனை மளிகைக் கடைக்காரர். ‘ஸ்கூல் தொறந்தப்புறம் பாத்துக்கலாம் சார், எடுத்துட்டுப் போங்க’ என்றார். நான் செய்தது சரியா தப்பா என்று கேட்கவில்லை. அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவருடைய மகன்தான் தண்ணீர் கேட்ட பையன்.

சரி, அப்படியானால் குழுவில் எல்லா அரசியலும் வரட்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. நாம் ‘அரசியல்’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று கட்சி: தலைவர் படம், எதிர்க்கட்சிக்காரனைத் திட்டும் மீம்ஸ், ஓட்டுக் கேட்பது. இன்னொன்று பிழைப்பு: சம்பளம், வேலை நேரம், நிலம், தண்ணீர், விடுதிச் சாப்பாடு. முதலாவதற்கு ஊரெல்லாம் இடம் இருக்கிறது. நம் குழுவில் வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டாவதைத் தள்ளி வைக்க முடியாது. தள்ளி வைத்தால் அப்புறம் அங்கே மிஞ்சுவது குட் மார்னிங் படமும் பிறந்தநாள் கேக்கும்தான்.

இது புதிதும் இல்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி தொடங்கியது. பாடம் நடத்தும்போது பி. பி. வாடியா தலைவர் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு விதை எங்கே விழுந்தது? பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு பேர் ஒரு பக்திச் சபை நடத்தினார்கள். பக்கத்து பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சொற்பொழிவு கேட்க அங்கே கூடுவார்கள். கூடிய இடத்தில் மில்லில் படும் பாட்டையும் பேசினார்கள். ‘இது சாமி விஷயம் பேசுகிற இடம், மில் கதையை வெளியே போய்ப் பேசுங்கள்’ என்று அந்த இருவரும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காது கொடுத்தார்கள். அந்தச் சங்கத்துக்குத் தோள் கொடுத்த திரு.வி.க., ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளத்தில் பிறந்தவர். ஒரு வாத்தியார் அன்றைக்குச் செய்ததையும் இந்த வாத்தியார் 2024இல் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை குனிகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சில பிள்ளைகள் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை. அந்த வதந்தியை நம் குழுவிலும் இரண்டு பேர் போட்டார்கள். ‘பார்த்தீர்களா, இதற்குத்தான் விதி வேண்டும்’ என்று அப்போது நானே எழுதினேன்.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. இறந்தார்கள் என்பது பொய். ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் சரியில்லை என்பது உண்மை. தங்கள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த உண்மையை நேரில் பார்த்தவர்கள் சத்தமாகச் சொல்ல முன்கூட்டியே ஓர் இடம் இருந்திருந்தால், பொய்க்கு அவ்வளவு கால் முளைத்திருக்காது. பேச்சை நிறுத்தினால் வதந்தி நிற்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது.

இன்னொரு நியாயம். இந்தப் பதிவை எழுதப்போகிறேன் என்றதும் ஒரகடத்தில் ஹெச்.ஆரில் இருக்கும் ஒரு மாணவி போன் செய்தாள். “சார், குரூப்ல ஸ்கிரீன்ஷாட் எடுக்கறவங்க இருக்காங்க. நான் ஒரு லைக் போட்டாகூட எனக்குப் பிரச்சனை” என்றாள். காவல்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நடத்தை விதிகள் உண்டு. எனக்கும் பணியில் இருந்தவரை 1973ஆம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருந்தன. அதனால் பேசுகிறவனுக்கு உரிமை இருப்பது போல, பேசாமல் இருப்பவனுக்கும் உரிமை வேண்டும். ‘நீ ஏன் வாயைத் திறக்கவில்லை’ என்று யாரையும் இழுக்கக்கூடாது. தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கேட்டதையே அழிப்பதுதான் தவறு.

‘யாராவது ஏடாகூடமாகப் போட்டால் அட்மின் மேல்தான் கேஸ் வரும்’ என்ற பயமும் எனக்கு இருந்தது. அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்றால் அவரை வழக்கில் சேர்க்கக்கூடாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. விசாரிக்காமல் பயந்தது என் சோம்பல்.

ஆகவே, மற்ற இரண்டு அட்மின்களும் ஒப்புக்கொண்டால், பழைய வரியில் ‘அரசியல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். கட்சி விளம்பரம், தலைவர் படம் வேண்டாம், ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ. சாதி, மதத் தகராறுக்கு இருக்கும் தடை அப்படியே இருக்கட்டும். எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட வேண்டாம். நீங்கள் பார்த்ததை, உங்களுக்கு நடந்ததை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். ஆளைத் திட்டாதீர்கள். ஒருவர் எழுதியதை அழிப்பதற்கு முன்னால் அட்மின் அவருக்கு ஒரு போன் செய்ய வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்காகவே போட்டுக்கொள்வது. அன்றைக்கு ஒரு போன் செய்திருந்தால் ‘தண்ணிதான் சார்’ என்று அப்போதே சொல்லியிருப்பான்.

இதனால் சண்டை வராதா? வரும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தம் போடுகிறவனை அடக்கத் தெரிந்த எனக்கு, கையைத் தூக்கியவனையும் உட்கார வைத்துவிட்டேனே என்பதுதான் வருத்தம்.

அவர்கள் சங்கம் 2025 ஜனவரியில் பதிவாகிவிட்டது. அந்தப் பையன் வேலையில்தான் இருக்கிறான். குழுவில் மறுபடி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். “பாக்கலாம் சார்” என்றான். சேர்வதும் சேராததும் அவன் இஷ்டம். ஆனால் தப்பு நடந்தது எல்லோர் முன்னாலும். அதனால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு. 2003இல் நான் எழுதிக் கொடுத்த மன்னிப்பு மனதார எழுதியது இல்லை. இது மனதார எழுதுவது.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். மச்சானும் மருமகப்பிள்ளையும்கூட எழுதலாம். ஃபார்வர்டு மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்