கம்பத்தை எண்ணிக் கட்டிய வீடு

தோழனே!

பிறர் வீட்டில் புகுந்து பொருளைக் களவாடியவனைக் கண்டிருக்கிறாய். பிறர் வயலில் வரப்பை வெட்டி, முழம் முழமாக நிலத்தை விழுங்கியவனையும் கண்டிருக்கிறாய். பிறருக்குரிய மனையிலே, அவருக்கே தெரியாமல், மூன்று படுக்கையறை கொண்ட வீட்டைக் கட்டி, விற்பனையும் செய்துவிட்டு, பிறகு மனைக்குரியவர்மீதே வழக்குத் தொடுத்த நிறுவனத்தைக் கண்டதுண்டா? நான் எழுதும் நாடகத்தில் இப்படியொரு காட்சி வைத்தால், "கற்பனைக்கும் ஓர் எல்லை வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டகையைவிட்டே எழுந்து போய்விடுவாய். ஆனால் இது கற்பனையல்ல. அமெரிக்காவின் ஹவாயிலே நடந்தது. நீதிமன்ற ஏட்டிலும் ஏறிவிட்டது.

ஹவாயின் பெரிய தீவில், பூனா வட்டாரத்தில், 'ஹவாயன் பாரடைஸ் பார்க்' என்றொரு மனைப்பிரிவு. பெயரிலேயே சொர்க்கத்தை வைத்திருக்கிறார்கள்! 8,000-க்கும் மேற்பட்ட மனைகள். பெரும்பாலும் ஏக்கர் ஏக்கராக வெட்டப்பட்டவை. அவற்றில் ஒரு ஏக்கரை 2018-இல், வரிபாக்கிக்காக நடந்த ஏலத்திலே, ஏறத்தாழ 22,500 டாலர் கொடுத்து வாங்கினார் ஒரு பெண்மணி. பெண்கள் வந்து தங்கித் தியானம் பழக ஓரிடம் அமைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கொரோனா வந்தது. அவர் கலிபோர்னியாவில் இருந்தார். மனை ஹவாயில் இருந்தது.

அந்த நேரத்தில் அதே மனைப்பிரிவில் ஒரு நிறுவனம் பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கட்டி விற்கப் புறப்பட்டது. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, அந்தப் பெண்மணியின் மனையிலே எழுந்து நின்றது. 2023-இல் வீட்டுத் தரகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தாம் விற்ற வீடு அவருடைய நிலத்தில் நிற்கிறது என்று சொன்னபோதுதான் அவருக்கே செய்தி தெரிந்தது.

எப்படி நேர்ந்தது இந்த விந்தை? நில அளவையாளரை அழைக்கவில்லை, சங்கிலி பிடிக்கவில்லை, எல்லைக் கல்லைத் தேடவில்லை. சாலையோரத்துத் தந்திக் கம்பங்களை எண்ணினார்களாம், மனை இதுதான் என்று முடிவு கட்டினார்களாம்! அளவையாளரை அமர்த்த நிறுவனம் விரும்பவில்லை என்று கட்டிய காண்ட்ராக்டரின் வழக்கறிஞரே சொன்னார். ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு அளவுகோல் தந்திக் கம்பம்!

தவறு தெரிந்ததும் என்ன செய்தார்கள்? பக்கத்து மனையைத் தருகிறோம், எடுத்துக்கொள் என்றார்கள். அவர் மறுத்தார். மறுக்க அவருக்கு உரிமை இல்லையா? தான் பார்த்து, விரும்பி, விலை கொடுத்து வாங்கிய மண்ணை, பிறர் செய்த பிழைக்காக ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்? மறுத்தவுடன் வந்தது வழக்கு. அவர்மீது வழக்கு, காண்ட்ராக்டர்மீது வழக்கு, வரைபடம் போட்ட கட்டடக் கலைஞர்மீது வழக்கு, மனையை முன்பு வைத்திருந்த குடும்பத்தின்மீதும், அனுமதி தந்த உள்ளாட்சி நிர்வாகத்தின்மீதும் வழக்கு! தன்னைத் தவிர ஊரில் உள்ள அனைவரும் பொறுப்பாளிகள் என்பது நிறுவனத்தின் நியாயம்.

பெண்மணிமீது சொன்ன குற்றம் என்ன தெரியுமா? விலை கொடாமல் வீட்டின் பயனை அடைகிறாராம்! அழையாத வீட்டில் நுழைந்து, அடுப்பு மூட்டிச் சமைத்துவிட்டு, வீட்டுக்காரியிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இத்தகைய குழப்பத்திலே பத்திரிகைகள் மறந்துவிடும் மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் வீட்டை வாங்கியவர். பத்திரம் ஒரு மனையைச் சொல்கிறது. வீடு வேறொரு மனையில் நிற்கிறது. தனக்கு உரிமையில்லாத நிலத்தை எந்தப் பத்திரம் எழுதியும் ஒருவர் விற்க இயலாது. ஆகவே வாங்கியவர் கையில் மிஞ்சுவது வெறுங்காடும் கடன் தவணையும்தான். "காண்ட்ராக்டர் செய்த பிழை" என்று அவரிடம் நிறுவனம் கைவிரிக்கலாமா? காண்ட்ராக்டரை அவரா தேர்ந்தெடுத்தார்? கம்பத்தை எண்ணச் சொன்னவர் அவரா? பணத்தை வாங்கிக்கொண்டது நிறுவனம். மனையைக் காட்டியதும் நிறுவனம். அந்தப் பணம், வட்டியோடும் அவர் பட்ட செலவோடும், முதலில் திரும்ப வேண்டும். மற்றவர்களோடு உள்ள சண்டை முடியட்டும் என்று அவரைக் காக்க வைப்பது அநீதி.

2024 ஜூன் மாதம், வீட்டை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

"ஐயோ, நல்ல வீடாயிற்றே! வீட்டு விலை விண்ணைத் தொடும் ஹவாயிலே புது வீட்டை இடிப்பதா?" என்று நீ கேட்பாய். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் எண்ணிப் பார். வீட்டின் மதிப்பைப் பார்த்து நிலத்தின் உரிமையை முடிவு செய்தால் என்ன ஆகும்? குடிசை போட்டவன் வெளியேற வேண்டும்; மாளிகை எழுப்பியவன் நிலைத்துவிடலாம்! 22,500 டாலர் கொடுத்தவரின் ஏக்கர், ஐந்து லட்சம் கொட்டியவருக்குப் போய்விடும். பணம் படைத்தோர் அடுத்த முறை கம்பத்தைக்கூட எண்ண மாட்டார்கள்.

இடிக்கும் செலவையும் இழந்த பணத்தையும் காண்ட்ராக்டரிடம் வசூலிப்பதா, கட்டடக் கலைஞரிடம் வசூலிப்பதா என்பதை நிறுவனம் அவர்களோடு பேசிக்கொள்ளட்டும். அந்தப் பேச்சு நடக்கும் கூடத்தில் மனைக்குரிய பெண்மணிக்கும், வீட்டை வாங்கியவருக்கும் நாற்காலி போடத் தேவையில்லை.